ஸ்டோயிக் பயிற்சி: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது

ஸ்டோயிக் என்பது பண்டைய கிரேக்கத்தில் தோன்றி ரோமில் வளர்ந்த ஒரு தத்துவ மரபு. அதன் நூல்களை ஆர்வத்தோடு வாசித்தவர்கள் பலரும் ஒரே குறையைச் சொல்வார்கள்: "படிக்கும்போது எல்லாம் புரிகிறது. கோபம் வரும் நேரத்தில் ஒன்றும் கைகொடுப்பதில்லை." எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். என்ன செய்தார்கள் என்று விசாரித்தால் காரணம் தெரிந்துவிடும். முதல் வாரத்திலேயே மரணத்தைப் பற்றித் தியானித்திருப்பார்கள். பெரிய இழப்புகளைக் கற்பனை செய்து பார்த்திருப்பார்கள். பல வருடப் பகையை ஒரே இரவில் மறந்துவிட முயன்றிருப்பார்கள். எல்லாமே இந்த மரபோடு தொடர்புள்ள முயற்சிகள்தான். வரிசைதான் தவறு.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பற்றியது. தத்துவ ஆசிரியர் எபிக்டீட்டஸ், ரோமானிய எழுத்தாளர் செனெகா, ரோமானியப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் ஆகிய மூவரின் எழுத்துகளில் சிதறிக் கிடக்கும் பயிற்சிகளை, எது எதற்கு அடிப்படை என்று பார்த்து அடுக்கியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே செயல்: நடந்த செய்தியையும் அதன்மேல் நாம் ஏற்றிய தீர்ப்பையும் பிரித்து, அந்தத் தீர்ப்பைப் பகுத்தறிவால் சோதிப்பது. இதைக் கற்காமல் மற்றவற்றுக்குப் போனால், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவதுதான் மிஞ்சும்.

விளக்கத்துக்கு ஒரே நிகழ்ச்சியைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். உங்கள் தம்பி புது வீடு கட்டிக் குடிபுகப் போகிறான். பெரியப்பா வீட்டுக்கு நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைத்திருக்கிறான். கூடப் பிறந்த அக்காவான உங்களுக்கு வாட்ஸ்ஆப்பில் பத்திரிகை மட்டும் வந்திருக்கிறது.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். கைப்பேசியில் எழுத வேண்டாம். எந்தச் செய்தி உங்களைப் புண்படுத்தியதோ அது வந்த இடமே அதுதான்; எழுதத் திறந்தவுடன் பழையதை மறுபடி வாசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். கையால் எழுதும்போது வேகம் குறைகிறது. இந்தப் பயிற்சிக்கு வேண்டியது அந்த நிதானம்தான்.

எபிக்டீட்டஸின் கையேடு ஒரு பிரதி வேண்டும். அவருடைய மாணவர் அர்ரியன் தொகுத்தது. 53 சிறு அத்தியாயங்கள். ஒரே மாலையில் வாசித்து முடித்துவிடலாம் என்பதே இதில் உள்ள ஆபத்து. நாளுக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் போகாதீர்கள்.

இரவில் பத்து நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். வீட்டில் இருப்பவர்களிடம் அந்த நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் இந்த இடத்திலேயே வேண்டும். அறிவாற்றல் சார்ந்த உளச்சிகிச்சையை உருவாக்கியவர்களில் ஆல்பர்ட் எல்லிஸும் ஆரோன் பெக்கும் ஸ்டோயிக் சிந்தனையாளர்களுக்குத் தாங்கள் பட்ட கடனைச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நூலும் நோட்டும் மருத்துவருக்கு மாற்று என்று ஆகிவிடாது. வாரக்கணக்கில் தூக்கம் போயிருந்தால், வாழவே பிடிக்கவில்லை என்றால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் அங்கிருந்து வெளியேறுவதும் உதவி கேட்பதும் உங்கள் கையில் உள்ள செயல்கள். அதைச் சகித்துக்கொள்ளப் பழகுவதற்கு இந்தத் தத்துவத்தைப் பயன்படுத்தக் கூடாது.

2. மிகச் சிறிய எரிச்சலிலிருந்து தொடங்குங்கள்

கையேட்டின் 12ஆம் அத்தியாயத்தில் எபிக்டீட்டஸ் சொல்வது: சிறியவற்றிலிருந்து ஆரம்பி. கொஞ்சம் எண்ணெய் சிந்திவிட்டது, கொஞ்சம் திராட்சை மது திருட்டுப்போய்விட்டது. கலங்காத மனத்துக்கு இது கொடுக்க வேண்டிய விலை என்று உனக்குள் சொல்லிக்கொள். எதுவும் இலவசமாக வராது. அவர் அடிமையாகப் பிறந்து வளர்ந்தவர், கால் ஊனமானவர். பெரிய துன்பம் தெரியாமல் எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை.

முதல் இரண்டு வாரங்களுக்கு உங்கள் நோட்டில் இப்படிப்பட்டவை மட்டுமே இருக்கட்டும்: பஸ் நிற்காமல் போனது, பால் பொங்கி வழிந்தது, வரிசையில் ஒருவர் இடையில் புகுந்தது. தம்பியின் பத்திரிகை இந்தப் பட்டியலில் இல்லை. அது மூன்றாம் வாரத்துக்கானது. சிறிய எரிச்சலில் உங்கள் சொந்த நியாயம் குறுக்கே நிற்காது, அதனால் மனம் வேலை செய்யும் விதத்தைத் தெளிவாகப் பார்க்க முடியும். பெரிய காயத்தில் கையை வைத்தால் பயிற்சி நடக்காது, வழக்காடல்தான் நடக்கும்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, "இதெல்லாம் எனக்குப் பழக்கமாகிவிட்டது, பெரியதற்குப் போகலாம்" என்று இரண்டாம் நாளே தாண்டிவிடுவது. பஸ் விஷயத்தில் கூட இரண்டு வாரங்கள் கழித்துத்தான் உண்மையில் ஏதாவது மாறியிருக்கும். அதுவரை பொறுங்கள்.

இன்னொன்று: கையேட்டின் 2ஆம் அத்தியாயம், தொடக்கத்தில் இருப்பவர் ஆசையை இப்போதைக்கு முழுவதும் தள்ளிவைக்க வேண்டும் என்கிறது. மன அமைதி வேண்டும் என்ற ஆசையும் இதில் சேரும். அமைதி வந்துவிட்டதா என்று ஒவ்வொரு நாளும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவருக்கு அந்தப் பரபரப்பே புதிய தொல்லையாகிவிடுகிறது.

3. நடந்ததை மட்டும் எழுதுங்கள்

முழுப் பயிற்சியிலும் அதிக நேரம் கேட்கும் படி இது. எளிதாகத் தோன்றுவதால் அதிகம் பேர் தவறவிடும் படியும் இதுதான்.

நோட்டில் ஒரு பக்கத்தை நெட்டுக்கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கத்தில், அந்த இடத்தில் ஒரு கேமரா இருந்திருந்தால் அதில் பதிவாகியிருக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். வலப்பக்கம் இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்.

தம்பி விஷயத்தில் பெரும்பாலோர் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்: "தம்பி என்னை மதிக்காமல் வாட்ஸ்ஆப்பிலேயே அழைத்துவிட்டான்." இதில் "மதிக்காமல்" என்பது கேமராவில் விழாது. "அழைத்துவிட்டான்" என்பதில் கூட ஒரு குறை ஒளிந்திருக்கிறது. திருத்தி எழுதினால்: "செவ்வாய்க்கிழமை மாலை தம்பியிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் பத்திரிகை வந்தது. அவன் பெரியப்பா வீட்டுக்கு நேரில் போனதாகப் பெரியம்மா சொன்னார்." இவ்வளவுதான் நடந்தது. "எல்லோரையும் நேரில் அழைத்திருக்கிறான்" என்று எழுதத் தோன்றும். உங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வீடு.

மார்கஸ் அரேலியஸ் தன் குறிப்பேட்டில் இதையே செய்கிறார். முதலில் தோன்றுகிற மனப்பதிவு அறிவிப்பதற்கு மேல் எதையும் உனக்கு நீயே சொல்லிக்கொள்ளாதே என்கிறார். இன்னார் உன்னைப் பற்றித் தவறாகப் பேசுகிறார் என்று செய்தி வருகிறது. வந்த செய்தி அவ்வளவே. உனக்குக் கேடு விளைந்தது என்று செய்தி வரவில்லை. குழந்தை நோயுற்றிருப்பதைப் பார்க்கிறேன். ஆபத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. பல குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் எழுதிய வரி இது என்று தெரிந்து வாசித்தால், இதைக் கல்மனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தன் பயம் தன்னை முந்திக்கொண்டு ஓடுவதை அவர் இழுத்துப் பிடிக்கிறார்.

கையேட்டின் 45ஆம் அத்தியாயம் இதற்கு நல்ல தினசரிப் பயிற்சி தருகிறது. ஒருவர் சீக்கிரமாகக் குளித்தால் "மோசமாகக் குளித்தார்" என்று சொல்லாதே, "சீக்கிரமாகக் குளித்தார்" என்று சொல். நிறைய மது குடித்தால் "தவறாகக் குடிக்கிறார்" என்று சொல்லாதே, "நிறையக் குடிக்கிறார்" என்று சொல். அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று தெரியாதவரை அது தவறு என்று உனக்கு எப்படித் தெரியும்? இதை வீட்டுப் பேச்சில் ஒரு வாரம் கடைப்பிடித்துப் பாருங்கள். நாம் பேசும் பெயரடைகளில் எத்தனை தீர்ப்புகள் என்பது தெரியவரும்.

இடப்பக்கம் எழுதி முடித்ததும் ஒரு சோதனை: அந்த வரிகளை உங்கள் தம்பியே வாசித்தால் "ஆமாம், இதுதான் நடந்தது" என்று ஒப்புக்கொள்வானா? மறுப்பான் என்றால் எங்கோ ஒரு தீர்ப்பு இடப்பக்கத்துக்குள் புகுந்திருக்கிறது. அதைத் தேடி எடுங்கள்.

4. நீங்கள் சேர்த்த வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள்

இப்போது வலப்பக்கம். இடப்பக்கத்தில் இருப்பது மட்டும் உங்களை இவ்வளவு வருத்தியிருக்காது. செய்திக்கும் வருத்தத்துக்கும் நடுவில் நீங்கள் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். அது பெரும்பாலும் முழு வாக்கியமாக மனத்தில் ஓடுவதில்லை. நெஞ்சில் ஒரு கனமாகவோ முகத்தில் ஒரு சூடாகவோ மட்டும் இருக்கும். அதைச் சொற்களாக்குவதுதான் வேலை.

"இது எனக்கு ஏன் வலிக்கிறது?" என்று கேட்டு, பதிலுக்கு மறுபடி அதே கேள்வியைக் கேளுங்கள். நேரில் வரவில்லை. அதனால் என்ன? என்னை மூன்றாம் மனுஷியாக நினைக்கிறான். அதனால் என்ன? அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்றும் இல்லை. நின்றுவிட்டது. இதற்கு மேல் தோண்ட ஒன்றும் இல்லை என்று தெரியும் இடத்தில் உண்மையான தீர்ப்பு இருக்கிறது. வாட்ஸ்ஆப் அதைத் தட்டி எழுப்பியது, அவ்வளவுதான்.

இந்தப் படியில் தடுமாறுகிறவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர், "எனக்கு வருத்தம் வந்ததே தோல்வி" என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். ஸ்டோயிக்குகள் அப்படிச் சொல்லவே இல்லை. ஆலஸ் கெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. கிரேக்கத்தின் காசியோப்பாவிலிருந்து இத்தாலியின் புருந்தீசியத்துக்கு அவர் போன கப்பல் கடும்புயலில் சிக்கியது. அதில் பெயர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். மற்றவர்களைப் போலவே அவர் முகமும் வெளிறியது. ஆனால் அவர் அலறவில்லை. புயல் அடங்கியதும் கெல்லியஸ் பணிவாகக் காரணம் கேட்டார். அவர் தன் பையிலிருந்து எபிக்டீட்டஸின் உரைகளில் 5ஆம் நூலை எடுத்துக் காட்டினார். திடீர் ஆபத்தில் வெளிறுவதும் உடல் சுருங்குவதும் ஞானிக்கும் நேரும்; அந்த மனப்பதிவுக்கு அவர் ஒப்புதல் தருவதில்லை என்பதே வித்தியாசம் என்று அதில் இருந்தது.

செனெகா கோபத்தைப் பற்றிய நூலில் இதை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார். முதல் அசைவு தானாக வருவது. பகுத்தறிவால் அதைத் தடுக்க முடியாது. இரண்டாவதில் "எனக்கு அநீதி நடந்தது, பதிலடி கொடுப்பது நியாயம்" என்று மனம் ஒப்புக்கொள்கிறது. மூன்றாவதில் கட்டுப்பாடு போய்விடுகிறது. நமக்கு வேலை இருப்பது இரண்டாம் கட்டத்தில் மட்டும். முதல் அசைவை அடக்க முயல்வது வீண், மூன்றாவதோடு வாதிடுவதும் வீண்.

இரண்டாம் வகையினர் நேர்மாறாகப் போய், "என் தீர்ப்புதான் காரணம் என்றால் எல்லாம் என் தவறு" என்று தங்களையே வதைக்கத் தொடங்குகிறார்கள். மனிதர்களைக் கலக்குவது நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றிய தீர்ப்புகள் என்ற புகழ்பெற்ற வரி இருப்பது கையேட்டின் 5ஆம் அத்தியாயத்தில். அதைச் சொல்பவர்கள் அந்த அத்தியாயத்தின் கடைசியை விட்டுவிடுகிறார்கள்: கல்லாதவர் தன் துன்பத்துக்குப் பிறரைக் குறைசொல்வார், கற்கத் தொடங்கியவர் தன்னையே குறைசொல்வார், கற்று முடித்தவர் இருவரையும் குறைசொல்ல மாட்டார். தன்னைக் குறைசொல்வது நடுவழி. அங்கே தங்கிவிட வேண்டாம்.

5. உங்கள் கையில் இருப்பதைக் குறியிடுங்கள்

எதற்கெடுத்தாலும் "நம் கையில் இல்லை" என்று சொல்வதே ஸ்டோயிக் தத்துவம் என்று பரவிவிட்டது. எபிக்டீட்டஸின் பட்டியல் மிகக் குறுகியது, அதனால்தான் பயன்படுகிறது. நம் கையில் இருப்பவை: தீர்ப்பு, செயலை நோக்கிய உந்துதல், விருப்பம், வெறுப்பு. இல்லாதவை: உடல், சொத்து, புகழ், பதவி. உடல் கூட இல்லை. நன்றாகச் சாப்பிட்டு நடைப்பயிற்சி செய்வது உங்களுடையது. அதன் பிறகு உடல் என்ன செய்கிறது என்பது உங்களுடையதல்ல.

நோட்டில் இருபக்கமும் எழுதியவற்றில், உங்களுடையவற்றுக்கு அடியில் கோடிடுங்கள். தம்பி எப்படி அழைத்தான் என்பது, அவன் மனத்தில் என்ன இருந்தது என்பது, ஊர் என்ன பேசும் என்பது, எதற்கும் கோடு விழாது. விழாவுக்குப் போவதா, போனால் எந்த முகத்தோடு போவது, அவனிடம் கேட்பதா, கேட்டால் எந்தத் தொனியில் கேட்பது ஆகியவற்றுக்குக் கோடு விழும்.

"பாதி என் கையில் இருக்கிறது" என்று நினைக்கும் விஷயங்களில்தான் குழப்பம் வரும். வேலைக்கான நேர்காணல் ஓர் உதாரணம். அதைப் பாதி என்று வைத்துக்கொள்ளாமல் இரண்டாக உடையுங்கள்: தயாரிப்பதும் உண்மையாகப் பதில் சொல்வதும் முழுக்க உங்களுடையவை, வேலை கிடைப்பது துளியும் உங்களுடையதல்ல. இலக்கை முதல் பாதியில் வைத்தால் முயற்சியில் குறை வைக்க வேண்டியதில்லை, முடிவைப் பற்றிய நடுக்கமும் குறையும்.

6. தீர்ப்பிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்

பகுத்தறிவு என்று சொல்வது இந்தப் படியைத்தான். கேள்விகளின் வரிசையையும் மாற்றக் கூடாது.

முதல் கேள்வி: இது உண்மையா? "என்னை மூன்றாம் மனுஷியாக நினைக்கிறான்" என்பதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம்? போன வருடம் நீங்கள் மருத்துவமனையில் இருந்தபோது இரவு முழுக்கக் கூட இருந்தவன் அவனேதானா? பெரியப்பா வீட்டுக்குக் கைப்பேசியில் பத்திரிகை பார்க்கத் தெரியாதா? ஆதாரங்களை இரு பக்கமும் நேர்மையாக எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமானவற்றை மட்டும் சேர்த்தால் நாளை இன்னும் கசப்பாக எழுந்திருப்பீர்கள்.

பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். "வேலை மும்முரத்தில் மறந்திருப்பான்" என்று ஒரு சமாதானம் கிடைத்ததும் நோட்டை மூடிவிடுகிறார்கள். இது நம்பிக்கையின் மேல் கட்டிய அமைதி. தம்பி வேண்டுமென்றேதான் நேரில் வரவில்லை என்று அடுத்த வாரம் தெரிந்தால் எல்லாம் சரிந்துவிடும்.

அதனால்தான் இரண்டாவது கேள்வி: உண்மையாகவே இருந்தாலும், இது எனக்குக் கேடா? ஸ்டோயிக் மரபு முழுவதும் நிற்பது இந்த இடத்தில். ஒரு மனிதருக்கு உண்மையான நன்மை அவருடைய குணத்தின் நேர்மை மட்டுமே, உண்மையான கேடு அந்தக் குணம் கெடுவது மட்டுமே என்பது அவர்கள் நிலைப்பாடு. ஆரோக்கியம், பணம், நற்பெயர், உறவினரின் மதிப்பு இவையெல்லாம் இருந்தால் நல்லது, தேர்ந்தெடுக்கத் தக்கவை, அவற்றை நாடுவதில் தவறில்லை. ஆனால் அவை இல்லாமல் போனதால் ஒரு வாழ்க்கை கெட்ட வாழ்க்கை ஆகிவிடாது.

இதை ஏற்பது கடினம். எனக்கும் இன்றுவரை ஒவ்வொரு முறையும் புதிதாகவே ஏற்க வேண்டியிருக்கிறது. அதனால் கேள்வியைக் கைக்கு அடக்கமாக ஆக்கிக்கொள்ளுங்கள்: "அவன் என்னை மதிக்காததால், நான் நேர்மையாகவும் அன்பாகவும் நடந்துகொள்வது முடியாமல் போகிறதா?" முடியாமல் போகவில்லை என்றால், உங்களுக்கு விருப்பமில்லாத ஒன்று நடந்திருக்கிறது, உங்களிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை. வருத்தம் இருக்கலாம். அந்த வருத்தம் உங்களை ஆள வேண்டிய அவசியமில்லை.

7. உறவிலிருந்து செயலைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டால் ஸ்டோயிக் பயிற்சி வெறும் ஒதுங்கலாக முடியும். "அது அவன் விஷயம், எனக்கென்ன" என்று விழாவுக்குப் போகாமல் இருந்துவிட்டு, அதை மனப்பக்குவம் என்று நினைத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தொல்லை இல்லாமல் இருப்பதும் அமைதியும் வேறு வேறு.

கையேட்டின் 30ஆம் அத்தியாயம் கடமைகள் உறவால் அளக்கப்படுகின்றன என்கிறது. சகோதரன் உனக்கு அநீதி செய்கிறானா? அவன் என்ன செய்கிறான் என்று பார்க்காதே. அவனோடு உனக்குள்ள உறவில் நீ செய்ய வேண்டியது என்ன என்று பார். 43ஆம் அத்தியாயம் இதே சகோதரனுக்குத் திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் இரண்டு கைப்பிடிகள் உண்டு. ஒன்றைப் பிடித்தால் தூக்கலாம், மற்றதைப் பிடித்தால் தூக்க முடியாது. "தவறு செய்தான்" என்ற கைப்பிடியைப் பிடிக்காதே. "என்னோடு வளர்ந்த சகோதரன்" என்பதைப் பிடி.

ஆகவே நோட்டின் அடியில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "இந்த உறவில் நான் செய்ய வேண்டியது என்ன?" அக்காவாக விழாவுக்கு முன்னதாகவே போய் நிற்பது ஒரு பதில். விழா முடிந்து சில நாள் கழித்து, "நீ நேரில் வந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்" என்று நேராகச் சொல்வதும் ஒரு பதில். வாய்மூடி இருக்கச் சொல்லி எந்த ஸ்டோயிக்கும் கட்டளையிடவில்லை. சொல்லும்போது அவன் மன்னிப்புக் கேட்பான் என்ற எதிர்பார்ப்பை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

8. காகிதத்திலிருந்து களத்துக்கு: தாமதம்

இதுவரை செய்ததெல்லாம் ஆறிப்போன நிகழ்ச்சியின் மேல். இந்த ஐந்து படிகளும் காகிதத்தில் கைக்குப் பழகிய பிறகுதான் சூடான நேரத்தில் பயன்படுத்த முயல வேண்டும். எழுதும்போதே ஐந்து நிமிடம் எடுக்கும் வேலை, ஒருவர் முகத்துக்கு நேரே கத்தும்போது ஐந்து நொடியில் நடக்காது.

நேரில் தேவைப்படுவது ஒன்றுதான்: நேரம். கோபத்துக்குப் பெரிய மருந்து தாமதம் என்கிறார் செனெகா. முதல் மனப்பதிவு உன்னை அடித்துக்கொண்டு போக விடாதே, நேரம் கிடைத்துவிட்டால் உன்னை நீயே ஆள்வது எளிது என்கிறது கையேட்டின் 20ஆம் அத்தியாயம். தண்ணீர் குடிக்க எழுந்து போங்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். குரல் பதிவோ செய்தியோ வந்தால் அன்றே பதில் போடாதீர்கள். இரவில் நோட்டைத் திறந்த பிறகு பதில் எழுதுங்கள்.

9. காலை முன்னோட்டம்

காலைப் பயிற்சியை இவ்வளவு பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. சில வார இரவுக் குறிப்புகள் இருந்தால்தான் எது உங்களைத் திரும்பத் திரும்ப இடறவைக்கிறது என்று தெரியும். அது தெரியாமல் காலையில் உட்கார்ந்தால் பொதுவான கவலைகளைத்தான் வரிசையாக நினைத்துப் பார்ப்பீர்கள்.

எபிக்டீட்டஸின் எடுத்துக்காட்டு பொதுக் குளியலறை. குளிக்கப் போகும் முன், அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்று மனத்தில் ஓட்டிப் பார்: தண்ணீரை வாரி இறைப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள். பிறகு, "நான் குளிக்கவும் வேண்டும், என் மனநிலையைச் சரியாக வைத்துக்கொள்ளவும் வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு போ. இரண்டாவது விருப்பமும் இருப்பதால், முதலாவது தடைப்பட்டாலும் போன காரியம் வீணாகாது.

புதுமனைப் புகுவிழாவுக்குக் கிளம்பும் காலையில் அக்கா இதைச் செய்யலாம். முன்வரிசையில் இடம் இருக்காது. ஒரு சித்தி, "உன்னை எப்படி அழைத்தான்?" என்று வேண்டுமென்றே கேட்பார். தம்பி வேலைப் பரபரப்பில் முகம் கொடுக்க மாட்டான். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சொல்லப்போகும் ஒரு சொல்லை, செய்யப்போகும் ஒரு செயலைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும். அதற்கு மேல் நீண்டால் அது கவலைப்படுவதாக மாறிவிடும். முன்னோட்டம் உங்கள் பதிலில் முடிய வேண்டும். கவலை எதிலும் முடிவதில்லை. இரண்டையும் பிரித்தறிய இதுதான் அடையாளம்.

10. இரவுக் கணக்கு

பழகிய பிறகு, இரவு நோட்டில் நிகழ்ச்சியோடு சேர்த்து முழு நாளையும் பார்க்கத் தொடங்கலாம். செக்ஸ்டியஸ் என்ற தத்துவ ஆசிரியர் உறங்கும் முன் தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்விகளைச் செனெகா குறித்துவைத்திருக்கிறார்: இன்று உன்னுடைய எந்தத் தீய பழக்கத்தைக் குணப்படுத்தினாய்? எந்தக் குறையை எதிர்த்து நின்றாய்? எந்த விதத்தில் மேம்பட்டிருக்கிறாய்?

தானும் விளக்கை அணைத்தபின், மனைவி அமைதியான பிறகு, நாள் முழுவதையும் அலசுவதாகச் செனெகா எழுதுகிறார். அவர் தொனியைக் கவனியுங்கள். அந்த வாதத்தில் கடுமையாகப் பேசிவிட்டாய். அந்த மனிதரைத் தேவைக்கு மேல் வெளிப்படையாகக் கண்டித்தாய், அவர் திருந்தவில்லை, புண்பட்டார். இனி அப்படிச் செய்யாதே, இப்போது உன்னை மன்னிக்கிறேன். குற்றவாளியைக் கூண்டில் ஏற்றும் தொனி இதில் இல்லை. உங்கள் நோட்டு படிக்கவே பயமான பொருளாகிவிட்டால் தொனி தவறிவிட்டது என்று பொருள். "மன்னிக்கிறேன்" என்ற சொல்லையும் எழுதியே முடியுங்கள்.

11. முதல் சில மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள்

குழந்தையை முத்தமிடும்போது அது இறக்கக்கூடியது என்று நினைத்துக்கொள் என்ற கையேட்டின் 3ஆம் அத்தியாயப் பயிற்சியை இப்போது தொட வேண்டாம். அதே அத்தியாயம், உனக்குப் பிடித்த குடம் உடையக்கூடியது என்று நினைத்துக்கொள் என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. இப்போதைக்கு அந்தக் குடத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

சில நாட்கள் மலிவான உணவும் முரட்டு உடையுமாக வாழ்ந்துபார்த்து, "இதற்கா பயந்தேன்?" என்று கேட்கச் சொல்லும் செனெகாவின் 18ஆம் கடிதத்தையும் பிறகு பார்க்கலாம். அது நல்ல பயிற்சி. தொடக்கத்தில் செய்தால் சாதனையாக மாறி, பிறரிடம் சொல்லிக்கொள்ளும் விஷயமாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, மற்றவர்களுக்கு இதைப் போதிக்காதீர்கள். துக்கத்தில் இருப்பவரிடம் "உன் தீர்ப்புதான் உன்னை வருத்துகிறது" என்று சொல்வது கொடுமை. துயரப்படுகிறவரோடு சேர்ந்து ஆறுதல் பேசத் தயங்காதே, தேவைப்பட்டால் சேர்ந்து புலம்பவும் செய், உள்ளுக்குள் மட்டும் நிலைதடுமாறாதே என்கிறது 16ஆம் அத்தியாயம்.

12. அளப்பதும் அடுத்து வாசிப்பதும்

எபிக்டீட்டஸ் தன் உரைகளில் ஓர் அளவுகோல் தருகிறார். கோபப்படாத நாட்களை எண்ணு: முன்பு தினமும் கோபப்பட்டேன், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு நாளுக்கு ஒருமுறை. 30 நாள் கடந்துவிட்டால் கடவுளுக்குப் பலி கொடு. அவர் எண்ணச் சொன்னது இடைவெளியை. கோபம் வரவே வராத நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டு கோபங்களுக்கு நடுவிலுள்ள தூரம் கூடுகிறதா என்று நோட்டின் ஓரத்தில் குறித்துவாருங்கள். ஒரே கோபம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் குறிக்கலாம். எங்கள் வட்டத்தில் பலருக்கு முதலில் குறைந்தது இந்த நேரம்தான்.

கையேட்டை இரண்டு சுற்று முடித்தபின் எபிக்டீட்டஸின் உரைகளுக்குப் போங்கள். எட்டு நூல்களில் நான்குதான் நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கின்றன. கையேடு கட்டளையாகச் சொன்னதற்கு இங்கே காரணங்கள் இருக்கும். கோபம்தான் உங்கள் முதன்மைச் சிக்கல் என்றால் அதற்கு முன் செனெகாவின் கோபம் பற்றிய மூன்று நூல்களை எடுத்துக்கொள்ளலாம். மார்கஸ் அரேலியஸைக் கடைசியில் வையுங்கள். பலரும் அவரில்தான் தொடங்குகிறார்கள், பாதியில் நிறுத்துகிறார்கள். அவை அவர் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்புகள். அடிப்படைகளை அவர் எங்கும் விளக்குவதில்லை, ஏனென்றால் அவருக்கு அவை முன்பே தெரியும்.

சில இரவுகள் எழுதாமல் விட்டுப்போகும். விட்டவற்றை ஈடுகட்ட ஒரே இரவில் நான்கு நாட்களை எழுதாதீர்கள். ஆறிய நினைவிலிருந்து எழுதும்போது இடப்பக்கம் முழுவதும் தீர்ப்புகளால் நிரம்பிவிடும். அன்றைய நாளில் நடந்த ஒன்றை மட்டும் எடுத்து, கோடு போட்டு, இடப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.